தோல், லெமன், நில்

ஜூன் 18

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வாசல்படி ஏற்றினார்கள். முன்னறையில் வாடகைக் கட்டில் போட்டிருக்கிறேன், தலைப்பக்கம் உயர்த்துகிற மாதிரியானது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த இன்பராஜ் சார், தாகம் எடுத்தால் டம்ளரைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் நிஷா என்ற பெண் வருகிறாள். வாரம் இரண்டு நாள். சின்ன வயசு, நல்ல பொறுமை. அவள்தான் இதை எழுதச் சொன்னாள்.

“சார் வாயிலருந்து என்ன வந்தாலும் எழுதி வைங்க ஆன்ட்டி. அர்த்தம் இல்லாட்டாலும் பரவால்ல.”

மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். ஒன்றில்கூட எழுதியதில்லை. என்னவென்று எழுத?

இன்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஜூன் 21

இட்லியை ரசத்தில் கரைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டார். மஸ்கட்டிலிருந்து எப்சி போன் பண்ணினாள். போனை அவர் காதில் வைத்தேன். மகள் குரல் கேட்டதும் கண்ணில் நீர் வந்தது. வார்த்தை வரவில்லை.

ஜூன் 24

வந்தது.

கால் கைக்குப் பயிற்சி கொடுக்கிற கணபதி, சாரை இனிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தே குளிப்பாட்டலாம் என்றார். கணபதி பிடித்துக்கொள்ள, நான் முதல் கப் தண்ணீரை ஊற்றினேன். “கர்கிளாஃப்!” என்று இவர் சத்தம் போட்டார். நான் பயந்து கப்பைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடியும் அதே, எழுத்து எழுத்தாகத் தெளிவாக.

கணபதி வாய் குழறுகிறது என்றார். எனக்கு என்னவோ சந்தேகம். ரிட்டையர் ஆன பிறகு இவருக்கு ஒரே வேலை, செத்துப்போன இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் பிடிப்பதுதான். வெள்ளைக்காரனே கைவிட்ட வார்த்தைகள். காலையில் சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்றைச் சொல்லி, அது எந்த ஊரில் யார் பேசியது என்று ஆரம்பிப்பார். நான் சட்னி இன்னும் வேண்டுமா என்று கேட்பேன்.

அவர் அலமாரியில் அகராதிக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு அளவு. அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தமிழில் படித்தவள். ஆபீஸ் ஃபைலில் எழுதுகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ். ‘கே’யில் தேடினேன். இல்லை. ‘சி’யில் தேடினேன். ஸ்காட்லாந்துப் பேச்சுக்கென்று வைத்திருக்கும் பழைய புத்தகத்தில் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உடம்பு அதிர்கிற அதிர்ச்சியாம்.

வெந்நீர் வைக்கவில்லை என்று திட்டியிருக்கிறார்!

ஜூன் 27

ரஹ்மத்திடம் சொன்னேன். புத்தகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

“எது போகும் எது நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது ஆன்ட்டி. சில பேருக்குப் பாட்டு மட்டும் நிக்கும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை மட்டும். சாருக்கு இது நின்னிருக்கு.”

இன்னொன்றும் சொன்னாள். அவர் தலையாட்டுவதை நம்பக் கூடாதாம். “ஆமா, இல்ல ரெண்டும் அவங்களுக்கு மாறி மாறி வரும். இப்பப் பாருங்க.” அவரிடம் திரும்பி, “சார், உங்க பேரு இன்பராஜா?” என்றாள். இல்லை என்று தலையசைத்தார். “உங்க பேரு கணபதியா?” ஆமாம் என்றார். பக்கத்தில் நின்ற கணபதிக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

ஜூலை 9

“தோல்” என்றார்! தமிழ் வார்த்தை!

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தோலில் என்னவோ என்று அவரைப் புரட்டி முதுகெல்லாம் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே சிவந்து போயிருந்தது. படுக்கைப் புண்ணுக்கு அதுதான் ஆரம்பம் என்று கணபதி சொல்லியிருக்கிறார். மருந்து தடவிப் பக்கவாட்டில் தலையணை கொடுத்தேன். எப்சிக்குப் போன் போட்டேன். “ஏ எப்சி, அப்பா தமிழ் பேசிட்டாவ.” அவள் ஆபீஸிலேயே அழுதுவிட்டாளாம்.

ஜூலை 12

கணபதி இவர் காலை மடக்கும்போது “தோல்” என்றார். சர்க்கரை பார்க்க விரலில் குத்தியபோது “தோல்” என்றார். சாயங்காலம் ஒன்றுமே நடக்கவில்லை, ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தவர் சொன்னார்.

‘டி, ஓ’வில் தேடினேன். அதன் பிறகு ‘டி, எச், ஓ’வில். இருக்கிறது. பழைய வார்த்தை. வேதனையைத் தாங்கு, பொறுத்துக்கொள்.

எப்சியிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

ஜூலை 28

காலையிலிருந்து கரண்ட் இல்லை. இரண்டு பெட்ஷீட்டையும் கையாலேயே அலசினேன். பின்கட்டில் நான் துவைப்பது கட்டிலிலிருந்து தெரியும். பிழிந்துகொண்டு உள்ளே வந்தபோது “ஃபார்ஸ்வங்க்” என்றார். ஃபேன் போடச் சொல்கிறார் என்று நினைத்து, “கரண்ட் இல்லைங்க” என்றேன். இல்லை, அதேதான் மறுபடியும், என்னைப் பார்த்து.

மத்தியானம் தேடிக் கண்டுபிடித்தேன். உழைத்து உழைத்து ஓய்ந்துபோன என்று போட்டிருக்கிறது.

யாரைச் சொன்னாரோ. பெட்ஷீட் காய வெயில் போதவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

இரண்டு நாளாக எழுந்ததும் “லெமன்” என்கிறார். இதற்கு அகராதி வேண்டாம். எலுமிச்சம்பழம் வாங்கி, உப்புப் போட்டு ஜூஸ் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோணிய வாயோடு சிரித்துவிட்டுக் குடித்தார்.

ஆகஸ்ட் 13

தினமும் லெமன். மார்க்கெட்டில் பழம் விலை ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 22

வேறு வார்த்தை தேடும்போது கண்ணில் பட்டது. எலுமிச்சைக்குச் சற்று மேலே, அதே சத்தம், எழுத்து வேறு. லெமன். அன்புக்குரிய ஆள், காதலிக்கிற ஆள். அதற்குக் கீழேயே இன்னொரு அர்த்தம்: கள்ளத் தொடர்பில் இருப்பவள், வைப்பு.

புத்தகத்தை மூடிவைத்தேன். புளிக்குழம்பு வைத்தேன். சாயங்காலம் ஜூஸ் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23

காலையில் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டேவிட்டேன்.

“லெமன்னு யாரச் சொல்லுதீங்க? என்னையா?”

இல்லை என்று பலமாகத் தலையசைத்தார். இடது கையால் என் வளையல் கையைப் பிடித்திருந்தார், விடவில்லை.

“அப்ப, ஸ்கூல்ல வேற யாரும் உண்டுமா?”

உடனே ஆமாம் என்றார்.

“கணபதியா?”

அதற்கும் ஆமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார், எச்சில் வழிய வழிய. துடைத்துவிட்டேன். மறுபடியும் சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 24

காலையில் “லெமன்” என்றார்.

“என்னங்க?” என்றேன்.

செப்டம்பர் 17

எப்சிக்கு லீவு கிடைத்துவிட்டது. “எப்சி வாரா” என்று சொன்னேன்.

“ஓவர்மாரோ?”

“ஆமா, நாளைக் கழிச்சு” என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் அகராதியைத் தொடவே இல்லை. நாளைக்கு அடுத்த நாளுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. அதைப் போய்த் தொலைத்திருக்கிறார்களே. நமக்கு நித்தமும் வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 19

எப்சி மெலிந்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவரிடம் மெதுவாக, சத்தமாக, குழந்தையிடம் பேசுவது மாதிரிப் பேசுகிறாள். படத்தைத் தொட்டால் பேசுகிற ஏதோ ஒன்றை டேப்லெட்டில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். தோசைப் படம், கழிப்பறைப் படம், வலிக்குது என்று ஒரு படம். அவர் இடது கையால் தள்ளிவிட்டார்.

“வாம்பிள்கிராப்ட்” என்றார் மத்தியானம்.

“வயிறு மந்தமா இருக்காம். பருப்பு ஒத்துக்கல” என்றேன்.

எப்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியும்” என்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 14

ரஹ்மத் டம்ளரைக் காட்டி “இது என்ன சார்?” என்று எப்போதும் போலக் கேட்டாள். “தண்ணி” என்றார். இது தமிழ்தான், சந்தேகமில்லை. இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் சொன்னார்.

ரஹ்மத்துக்குத் தலைகால் புரியவில்லை. “தமிழ் திரும்ப ஆரம்பிச்சிட்டு ஆன்ட்டி! இனிமே உங்களுக்கு அகராதியே வேண்டாம்!”

நல்லது. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு அலமாரியைத் துடைத்தேன். எல்லாப் புத்தகத்தையும் இறக்கி, துடைத்து, அதனதன் இடத்திலேயே வைத்தேன்.

நவம்பர் 8

தலை சுற்றி, கண் செருகிக் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தார். ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் மூளைக்குப் போகிற குழாய், மறுபக்கமும் அடைத்துக்கொண்டு வருகிறதாம். டாக்டர் மறைக்காமல் பேசினார்.

“இன்னொரு ஸ்ட்ரோக் வரலாம் மேடம். மதுரையில ஆபரேஷன் பண்ணினா தடுக்கப் பார்க்கலாம். ஆனா சார் உடம்பு இருக்கற நிலைமையில ஆபரேஷன்லயே ரிஸ்க் இருக்கு. டேபிள்லயே உயிர் போகலாம். பண்ணாமலும் கொஞ்ச காலம் நல்லா இருக்கலாம். நீங்க குடும்பமாப் பேசி முடிவு பண்ணுங்க.”

“அவுககிட்டதான் கேக்கணும்” என்றேன்.

டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நவம்பர் 9

எப்சி போனில் எல்லா ஏற்பாடும் பண்ணிவிட்டாள். மதுரையில் பெட், கார், தங்க ஒரு ரூம். “ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தோம்னு இருக்கக் கூடாதும்மா.” அவள் சொல்வது சரிதான்.

அவரிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினார், பிறகு இல்லை என்று. வார்த்தை ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 19

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எப்சி முந்தாநாளே வந்துவிட்டாள். காலையில் கார் வந்து நின்றது. பெட்டி, ஸ்கேன் கவர், பிளாஸ்க் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கணபதியும் டிரைவரும் அவரைத் தூக்கப் போனார்கள். அவர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நில்” என்றார்.

எப்சி முகம் மலர்ந்தது. “அப்பா நிக்கணும்னு சொல்லுதாங்க! கணபதி அண்ணன் தினம் சொல்லிக்குடுக்கறதுதானே!”

கணபதி அவரைத் தாங்கி நிறுத்தினார். நின்றார். கம்பியை விடவில்லை.

“நில். நில்.”

“நின்னாச்சு சார், நின்னாச்சு. அப்படியே கார் வரைக்கும் போயிருவோம்.”

“விடுங்க கணபதி” என்றேன். “அது அது இல்ல.”

“பின்ன என்னம்மா?” என்றாள் எப்சி.

“நம்ம வீட்ல யாரு நில்னு சொல்லுவா? நில்லுன்னுதான சொல்லுவோம்?”

உள்ளே போய்ப் பெரிய அகராதியின் இரண்டாம் தொகுதியைத் தூக்கிவந்தேன். நிற்கவே சிரமமாக இருந்தது, அவ்வளவு கனம். அந்தப் பக்கத்தைப் பிரித்து எப்சியிடம் காட்டினேன். நில். விரும்பாதிரு, வேண்டாமென்று மறு.

எப்சி படித்தாள். புத்தகத்தைக் கட்டிலில் போட்டாள்.

“போன மாசம் தண்ணின்னு சொன்னவங்களுக்கு நில்லு வராதா? தமிழாவும் இருக்கலாம்ல?”

நான் புத்தகத்தை எடுத்து மூடினேன்.

“இல்ல, ஒரு நிமிஷம் பொறுங்கன்னு சொல்லுறாங்களோ என்னவோ? நமக்கு எப்படித் தெரியும்? ஒத்த வார்த்தைய வச்சு ஒரு உயிர முடிவு பண்ணுவீங்களாம்மா?”

அவர் கணபதியின் தோளில் சாய்ந்து நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகல” என்றேன். “கார அனுப்பிரு எப்சி.”

“அம்மா!”

“அவுக வேண்டாங்காவ. நாம போகல.”

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு பெட்டியைத் திரும்ப இறக்கி வைத்தார். எப்சி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவரைப் படுக்க வைத்து, போட்டிருந்த சலவைச் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுச் சட்டையை மாட்டினேன்.

நவம்பர் 23

எப்சி திரும்பிப் போய்விட்டாள். அப்பாவுக்கு முத்தம் கொடுத்தாள். என்னிடம் “மாத்திரைய நேரத்துக்குக் குடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 2

நல்ல நாள். நாற்காலியில் உட்கார்ந்து சொதியும் சோறும் சாப்பிட்டார். தெருவில் பிள்ளைகள் நட்சத்திரம் கட்டுவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எப்சிக்குப் போட்டோ அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

டிசம்பர் 11

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன்.

டிசம்பர் 14

எப்சி வந்து சேர்ந்ததும் நேற்று அடக்கம். அவருடைய மாணவர்கள் எவ்வளவோ பேர் வந்தார்கள். தலை நரைத்தவர்களெல்லாம் வந்து, சார் எங்களை அடிப்பார் என்று சொல்லி அழுதார்கள்.

வந்தவர்களில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாமே” என்றாள். எப்சி அந்தப் பக்கம்தான் நின்றாள். கேட்டிருப்பாள்.

டாக்டரும் வந்திருந்தார். “எப்படியும் சொல்ல முடியாது மேடம்” என்றார். எந்தப் பக்கமும் சாயாத பேச்சு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டிசம்பர் 20

கட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள். எப்சி அப்பாவின் சட்டைகளைப் பிரித்து அடுக்குகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள். உப்பு, மோர், போதும். இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் போய் வந்தோம். பலகாரம் செய்யவில்லை.

டிசம்பர் 28

இன்று எப்சி கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, அன்னைக்கு அப்பா சொன்னது அந்த இங்கிலீஷ் வார்த்தைதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“பின்ன எத வச்சும்மா காரத் திருப்பி அனுப்புனீங்க?”

“அவுக மொகத்த வச்சு.”

“என்ன இருந்துச்சு மொகத்துல?”

கையில் அரிசித் தண்ணீரோடு நின்றேன். “ஒன்னய முதல் நாள் பள்ளிக்கூடத்துல விட்டப்ப, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னயப் பாத்தியே, அந்த மாதிரி.”

“பயந்தாங்க. ஆபரேஷன்னா யாரும் பயப்படத்தான செய்வாங்க? என்னய அழ அழ விட்டுட்டுதான போனீங்க?”

“ஆமா.”

“அப்புறம்?”

“அவுகள அப்படி அனுப்ப என்னால முடியல, எப்சி. தெரியாத எடத்துல, ஒரு ஆளுக்கும் புரியாத வார்த்தையச் சொல்லிக்கிட்டு, உள்ள தூக்கிட்டுப் போகையில அவுக திரும்பிப் பாத்திருப்பாக. என்னால முடியல.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எப்சி எழுந்து அதை மூடினாள்.

“அதச் சொல்லியிருக்கலாமேம்மா. என்னால முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவ்வளவு பெரிய புத்தகத்தத் தூக்கிட்டு வந்தீங்களே!”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?”

யோசித்தாள். “தெரியல” என்றாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை. ஈரக் கையோடு அவள் முதுகைத் தடவினேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “எனக்கும் பயமாத்தான்மா இருந்துச்சு. அவங்க பயந்தாங்கன்னு எனக்கும் தெரியும்” என்றாள்.

சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

ஜனவரி 5

எப்சி புறப்பட்டாள். இரண்டு மாதத்தில் என்னை வந்து கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். பார்க்கலாம் என்றேன். கேட்டைத் திறந்து கார் தெரு முனை திரும்பும்வரை நின்றேன்.

உள்ளே வந்து, “எப்சி போயிட்டா” என்றேன்.

முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அதனால், காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள், அழவில்லை, திருவனந்தபுரம் போய் ஏறுகிறாள், இறங்கியதும் போன் பண்ணுவாள் என்று மற்றதையும் சொன்னேன்.